தள்ளாத வயதிலும் தானே எழுந்திருக்க: வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

தொண்ணூறை நெருங்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அன்பின் பெயரால் நடக்கும் முதல் தவறு இந்த வார்த்தைகளில்தான் தொடங்குகிறது: "நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்." தண்ணீர் கைக்கு வருகிறது. சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது. சட்டைப் பொத்தானை வேறு யாரோ மாட்டிவிடுகிறார்கள். சில மாதம் போனதும் அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. "வயசாயிடுச்சு, என்ன செய்ய" என்கிறோம். அந்தச் சில மாதமும் அவருடைய கால்களுக்கு வேலையே கொடுக்கவில்லை என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. ஒரு காய்ச்சல், ஒரு மருத்துவமனை வாசம், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்ற ஒரு முடிவு, இவற்றுக்குப் பிறகு பெரியவர்கள் பழைய நிலைக்கு வராமல் போவது இதனால்தான்.

போனது திரும்பியும் வரும். 1990இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் போஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு 8 வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுதாக முடித்த 9 பேரின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அடுத்து 100 பேரை வைத்துச் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை இரு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமை கூடவில்லை. "நல்லா சாப்பிட்டா தெம்பு வந்துடும்" என்று சொல்லி டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்கிக் கொடுப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கால் வேலை செய்தால்தான் சாப்பாடு தசையாகும்.

நாற்காலியிலிருந்து எழுதல்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கழிப்பறைக்குப் போவது, கட்டிலை விட்டு இறங்குவது, வாசலில் போய் நிற்பது, எல்லாமே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதில்தான் தொடங்குகின்றன. அது போனால் அடுத்தடுத்து எல்லாம் போகும்.

நாற்காலி கனமாக, இருபுறமும் கைப்பிடியோடு இருக்க வேண்டும். பின்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள்; எழும்போது பின்னால் நகரக் கூடாது. இருக்கையின் உயரம் தரையிலிருந்து 45 செ.மீ. அளவில் இருந்தால் பெரும்பாலானோருக்குச் சரி. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றால் இருக்கை தாழ்வு. அமுங்காத கெட்டி மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். பஞ்சு அமுங்கும் சோபா இதற்கு ஆகவே ஆகாது. காலில் வழுக்காத செருப்போ ஷூவோ இருக்கட்டும், அல்லது வெறுங்கால். காலுறை மட்டும் போட்டு நிற்க வைக்காதீர்கள்.

இனி ஒருவர் எழுவதைக் கிட்ட நின்று கவனியுங்கள். முடியாதவர் எப்போதும் ஒரே மாதிரிதான் திணறுவார்: முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கும், பாதங்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அப்படியே மேலே எழும்பப் பார்ப்பார். உடல் எடை முழுதும் பின்னால் இருக்கும்போது யாராலும் எழ முடியாது, இருபது வயதுக்காரராலும்தான். பெரியவருக்கு வலு குறைந்தது கொஞ்சம் என்றால், இந்த முறை மறந்துபோனது அதைவிட அதிகமாக இருக்கும். வரிசை இதுதான்:

1. இடுப்பை இடம் வலமாக அசைத்து அசைத்து இருக்கையின் முன்விளிம்புக்கு வர வேண்டும்.
2. இரண்டு பாதமும் முழங்காலுக்கு நேர் கீழே, முடிந்தால் ஒரு விரற்கடை பின்னால். பாதங்களுக்கு நடுவில் இடுப்பு அகலத்துக்கு இடைவெளி.
3. கைகள் கைப்பிடியில். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். பயத்தில் பாதியிலேயே நிறுத்துவது இங்கேதான். "பாட்டி, மூக்கு கால் விரலைப் பார்க்கட்டும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.
4. கைகளால் ஊன்றிக் கால்களால் தள்ளி எழ வேண்டும். எழுந்ததும் நிமிர்ந்து, நேரே பார்த்து, மூன்று எண்ணும் வரை நிற்க வேண்டும்.
5. உட்காரும் முன் இரண்டு கெண்டைக்காலிலும் நாற்காலி படுகிறதா என்று உணர வேண்டும். பிறகு நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. தசைக்குப் பாதி வேலை இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் பக்கவாட்டில், அரை அடி பின்னால். ஒரு கை அவர் இடுப்பின் பின்புறம் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்காதீர்கள். அந்த வயதில் தோள்பட்டைத் தசைநார்கள் நைந்திருக்கும். ஒரு வேகமான இழுப்பில் தோள் பழுதாகி, பிறகு கையூன்றவும் முடியாமல் போய்விடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான்.

முதல் வாரம் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை; காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. சிரமமில்லாமல் செய்தால் ஐந்து, அப்புறம் எட்டு, பத்து. பத்து வந்த பின்பு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் குறைவு, கடினத்தைக் கூட்டுங்கள். கைப்பிடியை இறுகப் பற்றாமல் விரல் நுனியால் தொட்டு எழட்டும். பிறகு கைகளைத் தொடையில் வைத்து. பிறகு மார்பில் குறுக்காக. கடைசியாக, போட்டிருந்த மெத்தையை எடுத்துவிடலாம். கடைசி இரண்டு தடவை கொஞ்சம் முக்கி எழுவதாக இருக்க வேண்டும்; ஆனால் எழுந்ததும் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். சுலபமாகவே முடிந்துவிட்டால் தசைக்கு அங்கே வேலையில்லை என்று அர்த்தம். பெரியவர்களுக்கான பயிற்சிகள் பலன் தராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்: உட்கார்ந்த இடத்தில் கையைக் காலை ஆட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

மார்பில் வலியோ இறுக்கமோ, மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுபோவதோ, கண் இருட்டுவதோ வந்தால் உடனே நிறுத்துங்கள். சமீபத்தில் மாரடைப்பு, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எழுந்ததும் தலை சுற்றினால்

படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று எடுத்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார வைத்து மட்டும் எடுத்த அளவில் இது தெரியாது. காரணம் பெரும்பாலும் தண்ணீர் போதாமை அல்லது மாத்திரை. அதுவரை, கட்டிலை விட்டு இறங்கும் முன் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை அசைத்துவிட்டு எழுவதைப் பழக்கமாக்குங்கள்.

நடையும் நிலையும்

நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் விழாமல் காக்காது. நிலை தடுமாறாமல் நிற்பதற்குத் தனியாகப் பழக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சமையல் மேடை போன்ற அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து வைத்து 10 விநாடி நிற்கட்டும். அது எளிதானால் ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வைத்து. அதுவும் எளிதானால் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றதை வைத்து. இந்தக் கடைசி நிலையில் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் ஆபத்து அதிகம். அதே மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து தடவை. பல் துலக்கும்போது, பால் காயும்போது என்று ஏதாவது ஒரு வேலையோடு இதைக் கட்டிவிட்டால் மறக்காது.

கைத்தடியின் உயரம் பல வீடுகளில் தவறாக இருக்கிறது. ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். அதிக உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் முதுகு கூனும். வலது கால் பலவீனம் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதனால் அந்தக் காலின் மேல்தான் இன்னும் பாரம் ஏறுகிறது. அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் மாற்றிவிடுங்கள்.

நடைப்பாதையின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்தால் "திரும்பி வர முடியுமா" என்ற பயம் போகும், தூரம் தானாகக் கூடும்.

வீட்டில் வேறென்ன மாற்ற வேண்டும் என்றால், தரையில் கிடக்கும் மிதியடியையும் ஒயர்களையும் எடுப்பது, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடி. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுபவர்கள் நிறைய பேர். அது ஒருநாள் கையோடு வந்துவிடும்.

கட்டிலோடு இருப்பவருக்கு

இவர்களுக்கு முதல் வேலை உட்கார வைப்பதுதான். ஒரு நாளில் மூன்று வேளை சாப்பாட்டுக்கும் கட்டில் விளிம்பிலோ நாற்காலியிலோ, பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால் முதுகுத் தசையும் கழுத்தும் நுரையீரலும் சேர்ந்து வேலை செய்யும். படுத்திருக்கும்போது முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லுங்கள், ஐந்து தடவை. உடை மாற்றும்போதும் விரிப்பு மாற்றும்போதும் நீங்களே தூக்கிவிடாமல் அவரையே இப்படித் தூக்கச் சொன்னால் அதுவே பயிற்சி. தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு இருக்கும் இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருப்போ இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது.

சாப்பாடு: எடை போட்டுக் கணக்குப் பாருங்கள்

"வயசானவங்களுக்கு கொஞ்சம் போதும்" என்பது பாதி உண்மை. பசி குறையும், மொத்த அளவு குறையும்; ஆனால் புரதத்தின் தேவை குறையாது, கூடத்தான் செய்யும். முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். நோயிலிருந்து தேறுகிறவருக்கு 1.5 கிராம் வரை. சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுடைய மருத்துவர் சொல்வதே அளவு.

50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம் வேண்டும் என்று வையுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். 200 மி.லி. பாலில் 6 முதல் 7. தயிர் 100 கிராமில் மூன்றரை. கெட்டியாக வேகவைத்த பருப்பு 100 கிராமில் 8. மீனோ கோழியோ 50 கிராமில் 10 முதல் 12. ஒரு கிண்ணம் சாதத்தில் 4. காலையில் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும், மதியம் சாதத்தோடு கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் சத்து ஏற்றிய பால், இரவில் கொஞ்சம் மீனோடு சாதம், இப்படிப் போட்டால் 60 கிராம் பக்கம் வந்துவிடும். முட்டை, மீன் சாப்பிடாதவருக்குப் பருப்பு, தயிர், நிலக்கடலைப் பொடி, பால் கட்டி என்று மாற்றிக்கொள்ளலாம். அளவு மட்டும் குறையக் கூடாது. காலையில் வெறும் கஞ்சி, மதியம் ரசம் சாதம், இரவு இரண்டு ரொட்டித் துண்டு என்று ஓடும் வீடுகளில் கணக்குப் பார்த்தால் 25 கிராம்கூட வராது. பருப்பு நீரைக் கொடுத்துவிட்டுப் பருப்பு கொடுத்ததாக நினைப்பதும் நடக்கிறது. புரதம் அடியில் நிற்கும் பருப்பில் இருக்கிறது, மேலே தெளிந்த நீரில் மிகக் குறைவு.

சத்து ஏற்றிய பால் என்றது இதுதான்: அரை லிட்டர் பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 4 மேசைக்கரண்டி தலைதட்டிப் போட்டுக் கரைப்பது. அதே அளவு பாலில் சுமார் 10 கிராம் புரதம் கூடுகிறது, வயிற்றுக்குப் பாரம் கூடவில்லை. கட்டி தட்டினால் முதலில் கொஞ்சம் ஆறிய பாலில் குழைத்துவிட்டு மீதியைச் சேருங்கள். டீ, கஞ்சி, எல்லாவற்றுக்கும் இந்தப் பாலையே பயன்படுத்தலாம். எடை இறங்குகிறவருக்கு இரவு, காலை, மதியம் சாப்பாட்டில் ஒவ்வொரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ கூடுதலாகச் சேர்த்தால், ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 40 கலோரி, தட்டின் அளவு மாறாமல் ஏறும். இந்த வயதில் எடை குறைந்து மெலிகிறவருக்குக் கொழுப்பைக் குறை, உப்பைக் குறை, இனிப்பே கூடாது என்று பழைய கட்டுப்பாடுகளை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது நல்லதைவிடக் கெடுதல் செய்யலாம். எதைத் தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

பெரிய தட்டில் குவித்து வைத்தால் பார்த்ததுமே "போதும்" என்பார். சின்னத் தட்டு, ஐந்தாறு வேளை. புரதம் இருப்பதை முதலில் கொடுங்கள். சாதத்தில் வயிறு நிறைந்த பிறகு முட்டைக்கு இடம் இருக்காது. பார்வை மங்கியவருக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாதம் தெரியவே தெரியாது, அடர்ந்த நிறத் தட்டில் வையுங்கள்.

திடீரென்று சாப்பிட மறுத்தால் பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். எடை குறையும்போது ஈறும் சுருங்கும், பல்செட் தளரும், அது உரசி உரசிப் புண் வந்திருக்கும். நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பல்செட்டை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள்; நாலு நாள் கட்டிக்கொண்ட வயிறு எதையும் ஏற்காது. புதிதாகச் சேர்ந்த மாத்திரை ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். நிறைய மாத்திரைகள் வாயை உலர்த்தும், ருசியைக் கெடுக்கும்.

தண்ணீர்

வயதாக ஆகத் தாகம் தெரியாது. கேட்டால் கொடுப்போம் என்றிருந்தால் அவர் கேட்கவே மாட்டார். ஒரு நாளில் குடிக்கும் திரவம் பெண்களுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்த குறைந்த அளவு; பால், டீ, மோர் எல்லாம் இதில் சேரும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் கொடுத்த வரம்புதான்.

குடிக்க மறுப்பவரின் பயம் பெரும்பாலும் ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்பது. வாயால் சொல்ல மாட்டார். அதனால் முக்கால் பங்கை மாலை நான்கு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். மாத்திரை போடும்போது இரண்டு மடக்குக்குப் பதில் ஒரு டம்ளர். கால் வீங்குகிறவர் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால், காலில் தேங்கிய நீர் ராத்திரியில் அல்லாமல் அப்போதே சிறுநீராக வெளியேறும்.

புரையேறுதல்

இதை அவசரமில்லாமல் படியுங்கள், ஏனென்றால் பெரியவர்களுக்கு நிமோனியா வரும் வழிகளில் இது ஒன்று. குடிக்கும்போது இருமல், குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்து ஒலிப்பது, சாப்பாட்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பது, சாப்பிட அரை மணிக்கு மேல் ஆவது, அடிக்கடி சளிக் காய்ச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். கெட்டி உணவைவிடத் தண்ணீர்தான் இவர்களுக்கு ஆபத்து. மெல்லிய திரவம் தொண்டை தயாராவதற்குள் ஓடிவிடும். எவ்வளவு கெட்டியாக்க வேண்டும் என்பதை அந்த நிபுணர் சொல்வார், குத்துமதிப்பாகச் செய்ய வேண்டாம்.

ஊட்டுவதாக இருந்தால் நேராக நிமிர்ந்து உட்கார வையுங்கள், பாதம் தரையில். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் உங்களைப் பார்க்கத் தலையை அண்ணாத்துவார். அப்போது மூச்சுக்குழாய் திறந்து உணவு அதற்குள் போக வழி கிடைக்கிறது. ஆகவே நீங்களும் உட்காருங்கள், கண்ணுக்குக் கண் நேராக. கரண்டி கீழிருந்து மேலே வர வேண்டும், அரைத் தேக்கரண்டி அளவு. தொண்டையில் குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அதுதான் விழுங்கியதற்கு அடையாளம். அதற்குப் பிறகே அடுத்த கரண்டி. முடிந்ததும் வாயைக் கழுவிவிடுங்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்குப் படுக்க விடாதீர்கள். வாயைச் சுத்தமாக வைத்தாலே நிமோனியா ஆபத்து குறைகிறது, ஏனென்றால் நுரையீரலுக்குப் போகும் கிருமி வாயிலிருந்துதான் போகிறது.

விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடி செய்யும் முன் மருந்தாளுநரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

மனசுக்கு வேலை

முதலில் காதும் கண்ணும். "இப்பல்லாம் எதிலும் ஆர்வமில்லை" என்று சொல்லப்படும் பலருக்குக் காதில் அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது காது மிஷினில் பேட்டரி போய்விட்டது, அல்லது கண்ணாடி பத்து வருடப் பழையது. இந்த மூன்றையும் சரி பார்க்காமல் மறதி நோய் என்றோ மனச்சோர்வு என்றோ பேச வேண்டாம். பேசும்போது டிவியை அணைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்காருங்கள். கத்தினால் குரல் கீச்சென்று உயரும். உயர்ந்த சுரம்தான் அவர்களுக்கு முதலில் கேட்காமல் போனது. தணிந்த குரலில், நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியமாக.

அடுத்தது, பொழுதுபோக்கு வேண்டாம், வேலை கொடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, காசை எண்ணிப் பிரிப்பது, செடிக்குத் தண்ணீர், தபால் பிரித்து வைப்பது, குழந்தைக்குக் கதை படிப்பது, வரவுசெலவு எழுதுவது. அவர் செய்யாவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று நிற்க வேண்டும், அதுதான் வேலை. 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரு பகுதியினருக்குத் தங்கள் காரியங்களைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையையும், பார்த்துக்கொள்ள ஒரு செடியையும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது பணியாளர். சில வாரத்தில் முதல் பகுதியினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். இரண்டு பகுதியினரிடமும் இருந்தது அதே செடிதான்.

துணி மடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையாகக் கொண்டுவந்து கொட்டினால் மலைத்துப்போவார். ஆறு துண்டு மட்டும், ஒரே அளவு, மேசையின் இடப்பக்கம். மடித்ததை வைக்க வலப்பக்கம் ஒரு கூடை. முதல் துண்டை நீங்கள் பேசாமல் மெதுவாக மடித்துக் காட்டுங்கள். கைக்குப் பழகிய வேலை மறதி நோயிலும் நெடுநாள் நிற்கும், சொல்வதைவிடக் காட்டுவது சீக்கிரம் பிடிபடும். கோணலாக மடித்தால் அப்படியே அலமாரியில் வையுங்கள். அவர் கண் முன்னால் நீங்கள் பிரித்துத் திரும்ப மடித்தால் நாளைக்கு அவர் துணியைத் தொட மாட்டார். எழுந்து போய் அலமாரியில் வைக்கச் சொன்னால் நடையும் ஆயிற்று.

"என்ன வேணும்?" என்ற கேள்வி கஷ்டம், "நீலச் சட்டையா, வெள்ளையா?" என்பது சுலபம். இரண்டையும் கையில் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். மறதி உள்ளவரிடம் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். தெரியாமல் விழிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளுக்குள் ஒடுங்குவார். "நான் உங்க பேத்தி, சாப்பிட வந்திருக்கேன் தாத்தா" என்று பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

எந்த வேலையும் 15, 20 நிமிடம் போதும், அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து. பலருக்கு அது காலை. காலை வெயிலில் அரை மணி உட்கார்ந்தால் இரவுத் தூக்கமும் நேராகும். பகல் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணியோடு நிற்கட்டும். தூக்கம் வரவில்லை என்று கடையில் தானாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரையும் இந்த வயதில் குழப்பத்தையும் வீழ்ச்சியையும் கொண்டுவரும்.

எதைக் குறித்து வைப்பது

ஒரு நோட்டு போதும். வாரம் ஒருமுறை, அதே நாள், காலையில், ஒரே மாதிரி உடையில் எடை. மாதம் ஒருமுறை, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறார் என்ற எண். தினமும் தட்டில் பாதி போனதா முக்கால் போனதா என்று ஒரு கோடு, மலம் கழித்த நாளுக்கு ஒரு புள்ளி. ஆறு மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோக்காரர் இரண்டரை கிலோ இழந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். உடை தொளதொளவென்று ஆகும் வரை காத்திருக்க வேண்டாம்.

நேற்று வரை பேசியவர் இன்று குழம்பினாலோ, அல்லது வழக்கத்துக்கு மாறாக அசந்து அசந்து தூங்கினாலோ அது வயதால் வருவதில்லை. தொற்று, நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், மருந்து, பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா இருக்கலாம். அன்றே காட்டுங்கள். அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பவரைத்தான் வீட்டில் கவனிக்காமல் விடுகிறார்கள்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பி இருப்பது தெரிந்தால் அசைக்காமல் ஆம்புலன்சை அழையுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடி எதுவுமில்லை என்றால் பக்கவாட்டில் திருப்பி, முட்டியும் கையும் ஊன்ற வைத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போடுங்கள். அதில் கையூன்றி, வலுவுள்ள காலை முதலில் மடித்து வைத்து அவரே எழட்டும். பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி வைத்திருந்தால் எழுந்த வேகத்தில் அதில் உட்கார்ந்துகொள்வார். எங்கே, எந்த நேரம், எதைச் செய்யப் போய் விழுந்தார் என்பதை அந்த நோட்டிலேயே எழுதி, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, இரண்டையும் அடுத்த தடவை மருத்துவரின் மேசையில் வையுங்கள்.